முன்வரிசையில் யார்? கால்பந்து ரசிகர் கோபமும் பயிற்சியாளர் கணக்கும்

இம்மலரில் இலக்கணம், கல்வெட்டு, கோயில் வரலாறு என்று அறிஞர் பெருமக்கள் எழுதியிருக்க, கால்பந்தைப் பற்றி ஒரு கட்டுரையா என்று சிலர் மூக்கின்மேல் விரல் வைக்கலாம். பெங்களூர்த் தண்டுப் பகுதியில் வாழும் தமிழரின் நூற்றாண்டு வரலாற்றை எழுதப் புகுவோர், பந்தை விட்டுவிட்டு எழுத முடியாது என்பதே அவர்களுக்கு என் பதில். மர்பி டவுனில் பாத்திரக் கடை வைத்திருக்கும் எனக்கு, ஆட்டம் நடந்த மறுநாள் காலையில் வியாபாரத்துக்கு முன்னால் காதில் விழுவது கால்பந்துப் பஞ்சாயத்துதான். "இவன்லாம் ஒரு கோச்சா? முன்னாடி யாரை ஆட வெக்கணும்னு தெரியலியே!" என்ற குரலை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அந்தக் கோபத்தில் எவ்வளவு நியாயம், எவ்வளவு அறியாமை என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் பகுதியும் பந்தும்

மர்பி டவுனுக்கு முந்தைய பெயர் நாக்ஸ்பேட்டை. அல்சூர், கௌதமபுரம், ஆஸ்டின் டவுன், சிவாஜி நகர் என்று தண்டுப் பகுதி முழுதும் வட ஆர்க்காடு, சேலம் போன்ற மாவட்டங்களிலிருந்து ராணுவத்தை நம்பி வந்த தமிழர் குடியேறினார்கள். சிப்பாய், சமையல்காரர், கொத்தனார், வண்டிக்காரர் என்று வந்தவர்கள் அவர்கள். வெள்ளைக்காரச் சோல்ஜர்கள் பரேடு மைதானத்தில் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து நம் பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள். பூட்ஸ் கிடையாது. வெறுங்காலே பூட்ஸ்.

அந்த வெறுங்கால் எவ்வளவு தூரம் போயிற்று தெரியுமா? 1948 லண்டன் ஒலிம்பிக்கில் சுதந்திர இந்தியா முதன்முதலாகக் கால்பந்து ஆடியது. பிரான்சிடம் 1-2 என்று தோற்ற அந்த ஆட்டத்தில் இந்தியாவின் ஒரே கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன், பெங்களூர்க்காரர். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் முதல் கோல் அதுதான். அதே அணியில் அகமது கான், தன்ராஜ், பஷீர், வஜ்ரவேலு ஆகியோரும் நம் ஊரிலிருந்து போனவர்கள். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியா பத்து கோல் போட்டபோது, நம் பக்கம் விழுந்த ஒற்றைக் கோலும் அகமது கான் அடித்ததே.

சந்தோஷ் டிராபியை மைசூர் மாநிலம் 1946-47, 1952-53, 1967-68, 1968-69 ஆகிய ஆண்டுகளில் வென்றது. பிறகு 54 ஆண்டுகள் கையில் வரவில்லை. 2023 மார்ச்சில் சவூதி நாட்டு ரியாத் நகரில் மேகாலயாவை 3-2 என்று வென்று கர்நாடகம் அதை மீட்டது. பக்கத்துக் கௌதமபுரத்துக்கு 'மினி பிரேசில்' என்றே பெயர். அங்கே புத்தர், அம்பேத்கர், அன்னை தெரசா சிலைகளோடு பிரேசில் ஆட்டக்காரர் பெலேவுக்கும் சிலை வைத்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட மண்ணில் வளர்ந்தவர்கள் ஒரு கோச்சைத் திட்டுகிறார்கள் என்றால் அது வெறும் பொழுதுபோக்குப் பேச்சு ஆகாது. தலைமுறை தலைமுறையாகப் பார்த்துப் பழகிய கண் பேசுகிறது. ஆயினும் பழகிய கண்ணும் சில சமயம் ஒரு பக்கத்தை மட்டுமே பார்க்கும்.

முன்வரிசை: ஐந்திலிருந்து ஒன்றுக்கு

பழந்தமிழில் படையின் முன்னணிக்குத் தூசி என்றும் தார் என்றும் பெயர். பின்னணிக்குக் கூழை என்று பெயர். போர் எதுவானாலும் புலவர் பாட்டில் முதலில் இடம்பெறுவது தூசிப் படைதான். கால்பந்திலும் அப்படியே. கோல் அடிக்கிற முன்வரிசை ஆட்டக்காரன் பெயர் தெருவெல்லாம் தெரியும். பின்னால் நின்று காப்பவன் பெயர் அவன் வீட்டுக்காரர்களுக்குத் தெரிந்தால் அதிகம்! ஆகவே கோச் முன்வரிசையில் கை வைத்தால் ஊரே கொதிக்கிறது.

முன்வரிசையில் எத்தனை பேர் என்ற கணக்கு காலந்தோறும் மாறி வந்திருப்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். நம் தாத்தா காலத்து அமைப்பு 2-3-5 என்பது. கோல்கீப்பரை விட்டுவிட்டுப் பின்னாலிருந்து எண்ண வேண்டும்: இரண்டு பேர் காவல், மூன்று பேர் நடுவில், ஐந்து பேர் முன்னால். 1925இல் ஆஃப்சைடு விதி மாறியது. பந்து வரும்போது தாக்குபவனுக்கும் எதிரிக் கோல் எல்லைக்கும் இடையே எதிரணியார் மூவர் இருக்க வேண்டும் என்றிருந்தது, இருவர் போதும் என்றாயிற்று. கோல்கள் கொட்டத் தொடங்கின. அதைத் தடுக்க லண்டன் ஆர்சனல் அணியின் ஹெர்பர்ட் சாப்மன் நடு ஆளில் ஒருவரைப் பின்னுக்கு இழுத்துக் காவலை மூவராக்கினார். முன்வரிசை ஐவரிலும் இருவர் சற்றே பின்வாங்கி நின்றார்கள்.

கல்கத்தா ஈஸ்ட் பெங்கால் அணியில் 1949 முதல் ஆடிய ஐவர் முன்வரிசையைப் 'பஞ்ச பாண்டவர்' என்று அழைத்தார்கள். வெங்கடேஷ், அப்பா ராவ், தன்ராஜ், அகமது கான், சாலே. இதில் தன்ராஜும் அகமது கானும் பெங்களூர் அனுப்பிய பாண்டவர்கள். 1949, 1950, 1951 என்று மூன்று வருஷம் தொடர்ந்து ஐ.எஃப்.ஏ. ஷீல்டு அவர்கள் கைக்கு வந்தது.

1953இல் லண்டன் வெம்பிளி மைதானத்தில் ஹங்கேரி அணி இங்கிலாந்தை 6-3 என்று வென்றது. ஹங்கேரியின் ஹிடெக்குட்டி என்ற சென்டர் ஃபார்வர்டு, நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் பின்னுக்கு வந்து பந்தை வாங்கினார். அவரைத் துரத்திப் போவதா, இருந்த இடத்தில் நிற்பதா என்று இங்கிலாந்துக் காவல் ஆளுக்குப் புரியவில்லை. ஹிடெக்குட்டி மூன்று கோல் அடித்தார். 1958இல் பிரேசில் 4-2-4 என்று நால்வர் முன்வரிசையோடு உலகக் கோப்பையை வென்றது. பிறகு 4-3-3 வந்தது, மூவர். 4-4-2 வந்தது, இருவர். 4-2-3-1 வந்தது, ஒரே ஒருவர்!

ஐந்து இடம் இருந்த காலத்தில் உள்ளூர்ப் பையன் ஒருவனை ஓரத்திலாவது நிறுத்திப் பார்க்கலாம். இடம் ஒன்றோ இரண்டோ ஆகிவிட்டால், ஒருவரை நிறுத்துவது இன்னொருவரை உட்கார வைப்பதாக முடியும். இன்றைய ரசிகர் கோபத்துக்கு அடிப்படை இந்த இட நெருக்கடி.

கோல் போடுவது யார்?

அமெரிக்காவில் பிள்ளைகளை வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். அந்நாட்டில் ஃபுட்பால் என்றால் வேறு ஆட்டம். முட்டை வடிவப் பந்து, தலையில் கவசம், ஆளை ஆள் மோதித் தள்ளுவது. அங்கேயும் தாக்கும் அணிக்கு முன்வரிசை உண்டு. நடுவில் ஒருவர், இரு பக்கமும் இருவர் இருவராக, மொத்தம் ஐந்து பேர். ஆனால் நடுவில் நிற்பவர் பந்தைப் பின்னால் தள்ளி ஆட்டத்தைத் தொடங்குவதோடு சரி, மற்ற நால்வர் கையில் சாதாரணமாகப் பந்து வரவே வராது. எதிரியை மறித்துப் பின்னால் பந்து வைத்திருப்பவனைக் காப்பதே அவர்கள் தொழில். அவர்கள் ஒரு விநாடி பிந்தினால் பின்னால் இருப்பவன் தரையில் கிடப்பான். அந்த ஐவரில் யாரை எங்கே நிறுத்துவது என்று கோச் தப்பாக முடிவெடுத்தால் அங்கேயும் ரசிகர்கள் கொதிக்கிறார்கள். பேர் வாங்குகிறவன் ஒருவன், அவனுக்கு வழி செய்து கொடுக்கிறவர்கள் வேறு என்ற உண்மையை அந்த ஆட்டம் பச்சையாகக் காட்டுகிறது.

நம் கால்பந்திலும் அது உண்மைதான். பெங்களூரு எஃப்.சி. ஆடிய இரண்டு இறுதி ஆட்டங்களே சாட்சி. 2018 மார்ச் 17 அன்று கண்டீரவா மைதானத்தில் ஐ.எஸ்.எல். இறுதி. எதிரே வந்தது சென்னையின் எஃப்.சி. எந்தப் பக்கம் கை தட்டுவது என்று நம் வீடுகளில் அப்பாவும் மகனும் சண்டை போட்ட நாள் அது. சென்னை 3-2 என்று வென்றது. அந்த மூன்றில் இரண்டு கோலைத் தலையால் முட்டிப் போட்டவர் மெய்ல்சன் ஆல்வெஸ் என்ற காவல் ஆட்டக்காரர், இரண்டும் கார்னரிலிருந்து வந்தவை. அடுத்த ஆண்டு, 2019 மார்ச் 17, பெங்களூரு கோவாவை 1-0 என்று வென்று கோப்பை எடுத்தது. 117ஆவது நிமிஷத்தில், மறுபடியும் கார்னரில், மறுபடியும் தலையால் கோல் போட்டவர் ராகுல் பேகே. அவரும் காவல் ஆட்டக்காரரே. முன்வரிசைப் பெயர்களை வைத்து வாதாடிய எல்லோரையும் கூழைப் படை ஜெயித்துவிட்டது.

ரகீம் செய்த மாற்றம்

முன்வரிசை விஷயத்தில் இந்தியாவில் எடுக்கப்பட்ட துணிச்சலான முடிவு எது என்று கேட்டால் 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டைத்தான் சொல்வேன். கோச் ஐதராபாத் சையது அப்துல் ரகீம். 2024இல் வந்த 'மைதான்' இந்திப் படத்தில் அஜய் தேவ்கன் அவராக நடித்ததைக் குடும்பத்தோடு பார்த்தவர்கள் இருப்பீர்கள்.

முதல் ஆட்டத்தில் இந்தியா தென்கொரியாவிடம் 0-2 என்று தோற்றது. தாய்லாந்துடன் ஆடும்போது முக்கியக் காவல் ஆட்டக்காரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட வேண்டியதாயிற்று. சாதாரணக் கோச் என்ன செய்வார்? ஓய்வு கொடுத்து ஊருக்கு அனுப்புவார். ரகீமோ, அரையிறுதியில் அவரைக் காவலிலிருந்து எடுத்து முன்வரிசை நடுவில் நிறுத்தினார். தலையில் கட்டோடு ஆடிய ஜர்னைல் அரையிறுதியிலும் கோல் போட்டார், இறுதியிலும் போட்டார். 1962 செப்டம்பர் 4 அன்று, அரசியல் காரணத்தால் இந்தியாமீது கோபத்தில் கூச்சலிட்ட பெருங்கூட்டத்துக்கு நடுவே, தென்கொரியாவை 2-1 என்று வென்றோம். மற்றொரு கோல் பி.கே. பானர்ஜி அடித்தது. கோலைக் காத்தவர் பீட்டர் தங்கராஜ், தமிழ்ப் பெயர் தாங்கியவர். அடுத்த ஆண்டே ரகீம் புற்றுநோயால் காலமானார். ஆசியத் தங்கம் அதற்குப்பின் கால்பந்தில் நமக்குக் கிடைக்கவில்லை.

தோற்றிருந்தால் என்ன பேசியிருப்பார்கள்? "தலையில அடிபட்டவனை முன்னாடி நிறுத்தின பைத்தியக்காரன்" என்றிருப்பார்கள். முடிவு சரியா என்பதை ஸ்கோர் போர்டு மட்டுமே சொல்லுமானால், ஆராய்ச்சிக்கு வேலையே இல்லை. முடிவெடுத்த நேரத்தில் கோச் கையில் என்ன கணக்கு இருந்தது என்று பார்ப்பதே நியாயம்.

சேத்ரி பெஞ்சில், சிவசக்தி களத்தில்

இனி நம் வாசலுக்கு வருவோம். 2013இல் பெங்களூரு எஃப்.சி. தொடங்கிய நாள் முதல் அதன் முகம் சுனில் சேத்ரி. 2013-14, 2015-16 ஐ-லீக் பட்டங்கள், 2016இல் ஏ.எஃப்.சி. கோப்பை இறுதிவரை போன பயணம், 2018-19 ஐ.எஸ்.எல். பட்டம் எல்லாவற்றிலும் அவர் உண்டு. மர்பி டவுன் பையன்கள் முதுகில் 11ஆம் எண் போட்ட நீலச் சட்டை அவர் பெயரில்தான் விற்றது.

2022-23 சீசனுக்கு வந்த கோச் சைமன் கிரேசன், இங்கிலாந்தில் லீட்ஸ் யுனைடெட் முதலிய அணிகளைப் பயிற்றுவித்தவர். சீசனின் முற்பாதியில் அணி தோல்வி மேல் தோல்வி கண்டு பட்டியலில் கீழே கிடந்தது. பிற்பாதியில் அவர் ஒரு காரியம் செய்தார். 38 வயதான சேத்ரியை ஆரம்பத்தில் பெஞ்சில் உட்கார வைத்து, முன்வரிசையில் ராய் கிருஷ்ணாவையும் சிவசக்தி நாராயணனையும் நிறுத்தினார்.

"என்னா அநியாயம் இது? இந்தியா கேப்டனை உக்கார வெச்சிட்டு யாரோ சின்னப் பையனை எறக்குறான். நீங்களே சொல்லுங்க நயினார் ஐயா!" என்று என் கடைத் திண்ணையிலேயே நியாயம் கேட்டார்கள்.

யார் அந்தச் சின்னப் பையன்? காரைக்குடிக்குப் பக்கத்தில் கண்டனூரில் பிறந்தவர். திருவாரூர்க்காரரும் முன்னாள் இந்திய ஆட்டக்காரருமான ராமன் விஜயனின் கால்பந்துப் பள்ளியில் தேறியவர். 2022 டுராண்டு கோப்பையில் ஐந்து கோல் போட்டிருந்தார். அதில் ஒன்று மும்பையை 2-1 என்று வென்ற இறுதி ஆட்டத்தின் முதல் கோல். கூட நின்ற ராய் கிருஷ்ணா, ஃபிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன இந்தியரின் வழித்தோன்றல். ஆக, அந்த முன்வரிசை இரண்டும் நம்மைப்போல ஊர் விட்டு ஊர் வந்த கூட்டத்தைச் சேர்ந்தது. இந்த விவரம் தெரியாமலே நம்மவர்கள் கோச்சைத் திட்டிக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் வேடிக்கை.

பிறகு நடந்தது எல்லோரும் அறிந்ததே. லீக் சுற்றின் கடைசி எட்டு ஆட்டங்களையும் பெங்களூரு வரிசையாக வென்று நான்காம் இடம் பிடித்தது. 2023 மார்ச் 3 அன்று கேரளா பிளாஸ்டர்ஸோடு நடந்த நாக்-அவுட்டில், கூடுதல் நேரத்தில் சேத்ரி சட்டென்று அடித்த ஃப்ரீகிக் கோலானது. அதை எதிர்த்துக் கேரள அணி களத்தை விட்டே வெளியேறியது. மும்பையுடன் அரையிறுதி முதல் ஆட்டத்தில் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து வெற்றிக் கோலைப் போட்டவரும் சேத்ரியே. இறுதி ஆட்டம் கோவாவில். தொடங்கிய சில நிமிஷத்தில் சிவசக்திக்கு அடிபட, சேத்ரி உள்ளே வந்தார். ஆட்டம் 2-2. பெனால்டியில் மோகன் பகான் வென்றது. அந்த ஆண்டின் வளரும் ஆட்டக்காரர் விருது சிவசக்திக்குக் கிடைத்தது.

வள்ளுவர் வகுத்த ஐந்து படி

திருக்குறள் பொருட்பாலில் 48ஆம் அதிகாரம் முதல் 52 வரை வரிசையாகப் பாருங்கள். வலியறிதல், காலமறிதல், இடனறிதல், தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல். அரசனுக்குச் சொன்ன இந்த ஐந்தும் கோச்சுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டைபோலப் பொருந்துகின்றன. கிரேசன் முடிவை இந்தப் படிகளில் ஏற்றிப் பார்ப்போம்.

முதலாவது வலியறிதல். 38 வயதுக் காலுக்கு என்ன வலிமை, 21 வயதுக் காலுக்கு என்ன வலிமை? எதிரிக் காவல் ஆட்கள் பந்து வைத்திருக்கும்போது ஓடி ஓடி நெருக்குவது இன்றைய முன்வரிசையின் பாதி வேலை. அதற்கு இளங்கால் வேண்டும். கோல் வாய் முன்னால் கிடைக்கும் அரை விநாடியில் என்ன செய்வது என்பதற்கு அனுபவக்கால் வேண்டும்.

இரண்டாவது காலமறிதல். இளங்கால் ஒரு மணி நேரம் ஓடி எதிரியைக் களைக்கச் செய்த பிறகு அனுபவக்காலை இறக்கினால் பயன் அதிகம். முன்காலத்தில் மாற்று ஆட்டக்காரரே கிடையாது. உலகக் கோப்பையில் 1970இல்தான் மாற்றாள் அனுமதி வந்தது. 2020 முதல் ஐந்து பேரை மாற்றலாம் என்றாகிவிட்டது. ஆகவே இன்று பெஞ்சில் உட்காருவது அவமானம் என்பது பழைய கணக்கு. ஓடுகிற சரக்கை முகப்பில் வைத்து, விலையுயர்ந்ததை வாடிக்கையாளர் உள்ளே வந்தபின் எடுத்துக் காட்டுவது எங்கள் வியாபாரத்திலும் உள்ளதுதான்.

மூன்றாவது இடனறிதல். சிவசக்தி காவல் வரிசைக்குப் பின்னால் உள்ள வெற்றிடத்துக்கு ஓடுகிறவர். ராய் கிருஷ்ணா எதிரியின் மேல் உடம்பைச் சாய்த்துப் பந்தைத் தாங்குகிறவர். இருவருக்கும் வேறு வேறு இடம். ஒரே இடத்துக்கு ஓடும் இருவரை நிறுத்தினால் ஒருவர் காலை ஒருவர் மிதிப்பார்கள்.

நான்காவது தெரிந்து தெளிதல். பெயரைப் பார்க்காமல் சோதித்துத் தெளிவது. டுராண்டு கோப்பையில் ஐந்து கோல் போட்டது அந்தச் சோதனை.

ஐந்தாவது தெரிந்து வினையாடல். தகுதி கண்டபின் வேலையை அவனிடமே விட்டுவிடுவது. ஒரு ஆட்டத்தில் கோல் வரவில்லை என்று அடுத்த ஆட்டத்தில் தூக்காமல் தொடர்ந்து வாய்ப்புக் கொடுப்பது. பல கோச்சுகள் வழுக்குவது இந்தப் படியில்தான்.

ஐந்து படியிலும் பார்த்தால் அந்த முடிவு அன்றைக்குச் சரியானதே. ரசிகர்கள் சேத்ரியை யார் உட்கார வைத்தது என்று கேட்டார்கள். யாருக்கு இடம் கொடுக்கப்பட்டது என்று கேட்டிருக்க வேண்டும்.

அதே கணக்கு எந்நாளும் செல்லுமா?

செல்லாது. அடுத்த சீசனில் பெங்களூரு சறுக்கியது. 2023 டிசம்பரில் சொந்த மைதானத்திலேயே மும்பையிடம் 0-4 என்று தோற்றதும் கிரேசன் பதவி போயிற்று. ஜெரார்டு சரகோசா என்ற ஸ்பெயின் நாட்டவர் வந்தார். 2024-25 சீசனில் நாற்பது வயதைத் தொட்ட சேத்ரி 14 கோல் போட்டார். ஐ.எஸ்.எல்.லில் அந்த ஆண்டு இந்தியரில் அவரே முதலிடம். 2024 டிசம்பரில் கேரளாவுக்கு எதிராக மூன்று கோல் போட்டு, அப்படிப் போட்டவர்களில் மூத்தவர் என்ற பெயரும் எடுத்தார். அணி மறுபடி இறுதிக்குப் போய் 2025 ஏப்ரலில் கல்கத்தாவில் மோகன் பகானிடம் 1-2 என்று தோற்றது.

அப்படியானால் முதல் கோச் தப்பா, இரண்டாம் கோச் சரியா? இரண்டு பேரும் அவரவர் காலத்துக்கு, கையிலிருந்த ஆட்களுக்கு ஏற்பக் கணக்குப் போட்டார்கள். காலமறிதல் என்று தனி அதிகாரம் வைத்ததே இதற்குத்தான். ஒரு கோணத்தில் உண்மையாக இருப்பது இன்னொரு கோணத்தில் உண்மையாக இராது.

கோபம் போக வேண்டிய இடம்

ஆனால் இந்தக் கதையில் கவலைப்பட வேண்டிய செய்தி ஒன்று ஒளிந்திருக்கிறது. நாற்பது வயதுக்காரர் இந்தியரில் முதலிடம் என்றால், இருபது வயதுக்காரர்கள் எங்கே?

2024 ஜனவரியில் கத்தாரில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியா மூன்று ஆட்டம் ஆடி மூன்றிலும் தோற்றது. போட்ட கோல் ஒன்றுகூட இல்லை. 2024 ஜூன் 6 அன்று குவைத்துடன் 0-0 என்று முடிந்த ஆட்டத்தோடு சேத்ரி 94 சர்வதேச கோல்களுடன் ஓய்வு பெற்றார். முன்வரிசைக்கு ஆள் கிடைக்காமல் 2025 மார்ச்சில் அவரையே திரும்பக் கூப்பிட்டார்கள். அப்படியும் 2025 அக்டோபரில் சிங்கப்பூரிடம் 1-2 என்று தோற்று, 2027 ஆசியக் கோப்பைக்குப் போகும் வாய்ப்பு போயிற்று. நூற்று நாற்பது கோடிப் பேரில் ஒரு சென்டர் ஃபார்வர்டைத் தேட முடியவில்லை!

காரணம் என்ன? கணக்கைப் பாருங்கள். ஐ.எஸ்.எல். தொடங்கிய 2014இல் களத்தில் ஆறு வெளிநாட்டவர் ஆடலாம். 2017-18இல் ஐந்தாயிற்று. 2021-22இல் நான்காயிற்று. அந்த நான்கில் ஒன்றைப் பெரும்பாலான அணிகள் முன்வரிசை நடுவுக்கு வைத்துக்கொள்கின்றன. ஏனென்றால் கோல் வேண்டும், உடனே வேண்டும், இல்லாவிட்டால் கோச்சுக்கு வேலை போகும். வேலையைப் போக்குவது யார்? முதலாளி என்றாலும், முதலாளியை நெருக்குவது ரசிகர் கூச்சல். இரண்டு ஆட்டம் தோற்றால் "கோச்சை மாத்து" என்று நாம் கத்துகிறோம். அந்தப் பயத்தில் கோச் தேறிய வெளிநாட்டவரை முன்னால் நிறுத்துகிறார். உள்ளூர்ப் பையன் ஓரத்துக்குப் போகிறான், அல்லது பெஞ்சுக்குப் போகிறான். பிறகு இந்திய அணிக்கு ஆள் இல்லை என்று அதே வாயால் அழுகிறோம். வெளிநாட்டவர் மேல் குறை சொல்ல இதில் எதுவும் இல்லை. பொறுமை இல்லாத இடத்தில் முன்வரிசை வளராது என்பதே நான் சொல்ல வந்தது.

இன்னொரு காரணம் மைதானம். வெறுங்காலோடு ஓட ஒரு பொட்டல் இருந்ததால்தான் ராமனும் தன்ராஜும் உருவானார்கள். இன்று நம் பகுதியில் பொட்டலெல்லாம் கட்டடம். எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ. போன்ற பொதுத்துறை ஆலைகள் பந்து ஆடத் தெரிந்தவனுக்கு வேலை கொடுத்து அணி நடத்திய காலமும் பழங்கதையாகிவருகிறது. அப்பாக்கள், "பந்து சோறு போடுமா? போய்ப் படி" என்கிறார்கள். அவர்கள் மேலும் தப்பில்லை. சோறு போடும் என்று காட்ட நம்மிடம் உதாரணங்கள் குறைந்துவிட்டன.

ஆகவே குடும்பத்தாருக்கும் சங்கத்தாருக்கும் மூன்று வேண்டுகோள்.

ஒன்று, கோச்சைத் திட்டுவதற்கு முன் அந்த ஐந்து படியில் ஏறிப் பாருங்கள். ஐந்திலும் தவறினால் தாராளமாகத் திட்டுங்கள். ரசிகனுக்கு அந்த உரிமை உண்டு, டிக்கெட் வாங்குகிறவன் அவன்.

இரண்டு, ஐ.எஸ்.எல். மட்டும் பார்க்காமல் அசோக் நகர் கால்பந்து அரங்கில் நடக்கும் பெங்களூர் மாவட்ட லீக் ஆட்டங்களுக்கும் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். நாளைய முன்வரிசை அங்கேதான் ஆடிக்கொண்டிருக்கிறது. நாலு பேர் கை தட்டினால் அந்தப் பையனுக்கு நாலு மடங்கு கால் ஓடும்.

மூன்று, நம் சங்கம் ஆண்டுதோறும் படிப்புக்குக் கொடுக்கும் பரிசோடு, பந்து ஆடும் பிள்ளை ஒருவனுக்கும் பெண் ஒருத்திக்கும் நல்ல பூட்ஸ் ஒரு ஜோடி கொடுக்கலாம். அதற்கு முதல் ஜோடியின் செலவு என்னுடையது.

ஐவர் நின்ற முன்வரிசையில் இன்று ஒருவர்தான் நிற்கிறார். அந்த ஓர் இடத்துக்குக் கண்டனூரிலிருந்து ஒரு பையன் வந்து சேர முடிந்தது. மர்பி டவுனிலிருந்தும் ஒருவன் வருவான். அவனை ஒரு கோச் துணிந்து இறக்கும் நாளில், "யாருடா இவன்?" என்று கேட்கும் கூட்டத்தில் நம் குரல் சேராதிருக்கட்டும்.

வாழ்க தமிழர், வளர்க விளையாட்டு.